வட்ஸ்அப் குறூப்பும் ஒரு பிஸ்கட் ரின்னும்

பரந்தனுக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். 19 பேர் வேலை. ஆலைக்கென்று வட்ஸ்அப் குறூப் தொடங்கி இரண்டு வருடமாகிறது. பாவித்துப் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் வருடம் அது வெறும் ஒலிபெருக்கி. அட்மின் மட்டும் செய்தி போடலாம் என்ற செற்றிங் 2018 இல் வந்தது. முதலாளி அதைத்தான் போட்டு வைத்திருந்தார். ‘நாளை ஐந்தரைக்கு வரவும்.’ ‘லீவு இல்லை.’ நாங்கள் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் படுத்துவிடுவோம்.

காலபோக அறுவடை நேரம் ஒருநாள், மாங்குளப் பக்கமிருந்து வந்த நெல் ஈரம் என்று மூடை இறக்கிய தம்பி கையில் அள்ளியதுமே பிடித்துவிட்டான். ஈரப்பதன் 14 சதவீதத்தைத் தாண்டினால் களஞ்சியத்தில் அடுக்கக்கூடாது. முதலாளி வவுனியாவில், போன் எடுக்கவில்லை. குறூப்பில் எழுத வழியில்லை. லொறிக்காரன் அவசரப்படுத்த, அடுக்கிவிட்டார்கள். நாலாம் நாள் மூடைகளுக்கு இடையில் கையை விட்டால் சுடுகிறது.

அதற்குப் பிறகுதான் செற்றிங்கை மாற்றச் சொன்னேன். “எல்லாரும் கதைச்சா சந்தையாப் போயிடும் பிள்ளை” என்றார். நட்டக் கணக்கைக் காட்டினேன். மாற்றினார்.

முதல் கிழமை காலை வணக்கப் பூக்கள்தான். அப்புறம் பொயிலர் பார்க்கிற ஐயா ஒரு வொய்ஸ் போட்டார். எழுதக் கூச்சப்படுகிறவர்; பின்னால் மெசின் இரைய, “பிள்ளை, மீற்றர் பிழை காட்டுது, ஆளைக் கூப்பிடுங்கோ” என்றார். இந்த ஒரு வசதிக்காகவே வட்ஸ்அப்பை மெச்சலாம். ஒரு குறை: போன கிழமை சொன்னதைத் தேட வேண்டுமென்றால் எல்லா வொய்ஸையும் முதலிலிருந்து கேட்க வேண்டும். இரவு பத்து மணிக்கும் ‘டிங்’ என்று அடிப்பது இன்னொரு தலையிடி.

வாக்கெடுப்பு வசதியும் இருக்கிறது. மதிய இடைவேளையை எத்தனை மணிக்கு வைக்கலாம் என்று முதலாளி கேட்டார். யார் எதற்குப் போட்டார் என்பது பெயரோடு தெரிந்தது. பிறகென்ன, அவர் விரும்பிய நேரத்துக்கே 17 வாக்கு.

ஆகவே பெயர் போடாமல் துண்டு எழுதிப் போட, ஒரு பழைய பிஸ்கட் ரின்னின் மூடியில் துவாரம் வெட்டித் தராசடியில் வைத்தேன். குறூப்புக்கு ஐந்துக்கு மூன்று புள்ளி, ரின்னுக்கு நாலு. ரின்னில் விழுந்த முதல் துண்டு: ‘பெண்கள் கழிப்பறைக் கதவுக்குக் கொக்கி இல்லை.’ நெல் புடைக்கிற ஆறு பெண்களில் ஒருவர்கூட இதைக் குறூப்பில் சொல்லியிருக்கமாட்டார். நானும்தான், ஐந்து வருடமாகச் சொல்லவில்லை.

அடுத்த நாள் மாலை முதலாளி புதுக் கொக்கியைப் படம் எடுத்துக் குறூப்பில் போட்டார். “பூட்டியாச்சு. வேற என்ன?”