கரண்டு போனால் இன்வெர்ட்டரா, நேராக 12 வோல்ட்டா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் சாயங்கால இடிமழையோடு கரண்டும் போய்விட்டால், எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) எழுதப்போகும் பிள்ளையின் இணைய வகுப்பு பாதியில் நின்றுவிடும். பேட்டரி வைத்துச் சமாளிக்க நினைப்பவர்கள் முதலில் தேடுவது இன்வெர்ட்டரைத்தான். மோடமும் ஒரு மடிக்கணினியும் ஓடினால் போதும் என்ற வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம் என்பேன்.

இன்வெர்ட்டர் பேட்டரியின் 12 வோல்ட்டை வீட்டுக் கரண்டு போல 230 ஆக்குகிறது. அடாப்டர் அதையே திரும்ப 19 வோல்ட்டுக்கு இறக்குகிறது. இரண்டு இடத்திலும் சூடாகி, பேட்டரியின் சக்தியில் ஏறக்குறைய கால் பங்கு வீணாகிறது. போதாததற்கு, எதையும் செருகாமல் இருந்தாலே பல இன்வெர்ட்டர்கள் 10 வாட் வரை இழுக்கும். மோடம் ஓடத் தேவைப்படுவதே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இன்வெர்ட்டர் இல்லாமல் 12 வோல்ட்டிலிருந்தே எடுக்கும் நேர்வழியில் ஒரே மாற்றம். டைப்-சியில் சார்ஜ் ஏறும் மடிக்கணினி என்றால், காரில் செருகும் 65 வாட் சார்ஜர் போதும். பழையதற்கு 12-ஐ 19 ஆக்கும் கன்வெர்ட்டர். மோடமின் அடியில் 12 வோல்ட் என்று போட்டிருந்தாலும் பேட்டரியில் நேராக மாட்டாதீர்கள். சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும், தீரும்போது 12-க்குக் கீழே இறங்கும். ஏற்றியும் இறக்கியும் சீராகத் தரும் கன்வெர்ட்டர் நடுவில் இருக்கட்டும்.

இதன் பலவீனம் வயர்தான். 60 வாட்டுக்கு 230 வோல்ட்டில் கால் ஆம்பியர் ஓடினால், 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் ஓடும். பேட்டரி 5 மீட்டர் தள்ளி இருந்தால் 1.5 சதுர மில்லிமீட்டர் வயரிலேயே அரை வோல்ட்டுக்கு மேல் போய்விடும். தடித்த வயர் போடுங்கள், பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் வையுங்கள். ஃபியூஸ் இல்லாமல் ஷார்ட் ஆனால் வயரே தீப்பிடிக்கும், பலகை வீட்டில் அது விளையாட்டல்ல.

பெரிய கணினியும் திரையும் ஓட வேண்டுமா? அங்கே இன்வெர்ட்டர்தான், அதுவும் வீட்டுக் கரண்டு போலவே சீரான அலையாகத் தரும் ப்யூர் சைன் வேவ் வகை. பேட்டரி உள்ளேயே இருக்கும் சின்ன யூ.பி.எஸ். பெட்டி, வேலையைச் சேமித்து அணைக்கும் சில நிமிடங்களுக்கு மட்டுமே உதவும்.

100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அதாவது 50 ஆம்பியர்-மணியை 12 வோல்ட்டால் பெருக்கினால் 600 வாட்-மணி. மோடமும் மடிக்கணினியும் சேர்ந்து 50 வாட் என்றால், நேர்வழியில் சுமார் 10 மணி நேரம், இன்வெர்ட்டரில் 7, 8 மணி நேரம். லாரி பேட்டரி வேண்டாம். அது வண்டியைக் கிளப்பச் செய்தது, ஆழமாக இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். இன்வெர்ட்டருக்கு ஒதுக்கிய ரிங்கிட்டை லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் போட்டால் முக்கால் பங்குக்கு மேல் தாராளமாக எடுக்கலாம். ஈய பேட்டரிதான் கட்டுப்படியாகும் என்றால் பின்கட்டில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வரும்.