முழங்காலுக்கு ஊசி போட்டு 46,000 ரூபாயைப் பிடுங்கிக்கொண்டார்கள். வலி இருந்தது இடுப்பில்

நேற்று சாயங்காலம்தான் விஷயம் தெரிந்தது. இரவெல்லாம் தூக்கமில்லை. ஆத்திரம் ஆறும் முன்பே எழுதிவிடுகிறேன். வீட்டில் மூட்டுவலிக்காரர்கள் இருந்தால் படியுங்கள். எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். அம்மாவுக்கு 63 வயது. விடிந்தால் கட்டுத்தறி, பால் சொசைட்டி என்று ஓயாமல் நடந்தவர், ஆறு மாதமாக உடம்பைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். வலது முழங்கால் வலிக்கிறது என்றார். கோவையில் ஒரு மூட்டுவலி மையம், கத்தி வைக்காமல் குணப்படுத்துவதாக விளம்பரம். நான்தான் அழைத்துப் போனேன்.

வெள்ளைக் கோட்டு போட்ட இளைஞர் ஒருவர் தரையில் மண்டியிட்டு, அம்மாவின் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "பயப்படாதீர்கள் பெரியம்மா, என்னைப் பெற்றவளுக்குச் செய்வதுபோல் செய்கிறேன்" என்றார். அம்மாவின் கண் கலங்கிவிட்டது. "உனக்குப் புண்ணியம் சாமி" என்று சொல்லி, மஞ்சள் விற்ற பணத்தைப் பையிலிருந்து எடுத்து அவரே எண்ணிக் கொடுத்தார். 46,000 ரூபாய். ஐந்து ஊசி, ஒரு முழங்கால் பெல்ட், பத்து நாள் கரண்ட் சிகிச்சை.

முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்தார்கள். அம்மாவை எழுந்து நடக்கச் சொல்லி ஒருவர்கூடப் பார்க்கவில்லை. இடுப்பில் ஒரு விரல்கூடப் படவில்லை.

ஐந்து ஊசியும் முடிந்தது. வலி கூடியதே தவிரக் குறையவில்லை. போன் செய்தால் "மருந்து வேலை செய்ய நாளாகும்" என்றார்கள். அடுத்த வாரம் "டாக்டர் முகாமுக்குப் போயிருக்கிறார்". அதற்கடுத்த வாரம் "இன்னும் மூன்று ஊசி போட்டால்தான் பலன் தெரியும்". நேரில் போய் நின்றபோது மண்டியிட்ட அதே இளைஞர் தலை நிமிராமல், "பெரியம்மாவுக்கு வயதாகிவிட்டது, வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள்?" என்றார்.

நேற்று அரசு மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் பார்த்தார். முதலில் நடக்கச் சொன்னார். பிறகு வலது காலில் மட்டும் நிற்கச் சொல்லிப் பின்னால் போய் நின்றார். அம்மாவின் இடது பக்க இடுப்பு அப்படியே கீழே சரிந்தது. நிற்கும் காலின் பக்கத்தில் இருக்கும் புட்டத் தசைதான் இடுப்பைச் சமமாகப் பிடித்து நிறுத்த வேண்டுமாம். அது தளர்ந்தால் மறுபக்கம் தொங்கிவிடும். டிரெண்டலன்பர்க் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1895-இலேயே விவரித்த சோதனை இது. இதற்கு மிஷினும் வேண்டாம், காசும் வேண்டாம்.

அப்புறம் மல்லாக்கப் படுக்கவைத்து, முதுகுக்கு அடியில் கையை நுழைத்துக்கொண்டு, இடது முழங்காலை மடக்கி நெஞ்சோடு சேர்த்தார். வலது தொடை தானாகப் படுக்கையை விட்டு எழும்பியது. இடுப்பு மூட்டு மடங்கியபடியே இறுகிவிட்டதற்கு அதுதான் அடையாளம் என்றார். இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து உள்கணுக்கால் வரை டேப் வைத்து இரண்டு காலையும் அளந்தார். கடைசியாக வலது காலை இடுப்பிலும் முழங்காலிலும் மடக்கி, தொடையை உள்பக்கமாகத் திருப்பினார். கொஞ்சம்கூடத் திரும்பவில்லை. "ஐயோ, தொடை இடுக்கு!" என்று அம்மா கத்தியபோது எனக்கு உயிரே போய்விட்டது.

இடுப்பு எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் தலை தேய்ந்திருந்தது. இடுப்புக்கும் முழங்காலுக்கும் போகும் நரம்பு ஒன்றாக இருப்பதால் இடுப்பின் வலி முழங்காலில் தெரியுமாம். எல்லாம் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தை 46,000 ரூபாய் வாங்கியவர்கள் அம்மாவுக்குத் தரவில்லை.

சொல்வதாகச் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன், அம்மா கூப்பிடுகிறார். முழங்கால் வலி என்று போனால் இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். நடக்கவைத்துப் பார்க்காதவரிடம் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். ரசீதை அங்கேயே படித்துப் பாருங்கள். நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம் என்று இன்று காலை எங்கள் ரசீதைத் தேடி எடுத்தேன். 46,000 ரூபாய் வாங்கியவர்கள் 18,000-க்குத்தான் எழுதியிருக்கிறார்கள்.