கீழே விழுந்த ஹார்ட் டிஸ்க்கும் டிடிரெஸ்க்யூவும்

ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்ததுதான் வினை. சும்மா கிடந்திருந்தால், தரவைப் படிக்கும் முனையான ஹெட், சுழலும் தட்டை விட்டு ஓரமாக ஒதுங்கி நின்றிருக்கும். என்னுடையது படங்களைக் காப்பி செய்துகொண்டிருந்தது. கேபிளில் என் கால் மாட்ட, மேசையிலிருந்து தரைக்கு வந்துவிட்டது. 1 டெராபைட். மகள் பிறந்த நாளிலிருந்து எடுத்த படங்கள் அத்தனையும் அதில். வேறு பிரதி இருந்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மறுபடி செருகியதும் விண்டோஸ் நெடுநேரம் முழித்துவிட்டு, ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்று பிடுங்கி வைத்தேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது. (ஃப்ரீசரில் வைத்துப் பார் என்றார் ஒரு நண்பர். வைக்கவில்லை.) செருகியிருந்த அந்த நேரத்தில் காதை ஒட்டிக் கேட்டிருந்தேன்: சுற்றும் சத்தம் சீராக இருந்தது, டக் டக் என்ற தட்டல் இல்லை. தட்டல் கேட்டிருந்தால் எந்த மென்பொருளையும் தொட்டிருக்க மாட்டேன். அடிபட்ட ஹெட்டோடு ஓடவிட்டால் தட்டில் கீறல் விழும். தூசியில்லாத அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும்.

நான் நம்பியது ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ, பழுதான டிஸ்க்கிலிருந்து முடிந்தவரை நகலெடுக்கும் மென்பொருள். இலவசம். லினக்ஸை பென் டிரைவிலிருந்து கிளப்பி ஓட்டினேன். லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவில் தேடுபவர்கள் பெயருக்கு முன்னால் ஒரு 'ஜி' சேர்த்துத் தேடுங்கள். இது தெரியாமல் எனக்கு அரை மணி நேரம் போனது.

சாதாரண காப்பி, படிக்க முடியாத இடம் வந்ததும் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். இது அப்படியில்லை. தெரிந்த கேள்விகளை முதலில் எழுதிவிட்டுக் கடினமானதற்குக் கடைசியில் வரும் பிள்ளை மாதிரி, நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்கிறது. பழுதான இடத்தைத் தாண்டிப் போய், அப்புறம் திரும்பி வந்து அதன் ஓரங்களைச் சுரண்டுகிறது. எது முடிந்தது, எது பாக்கி என்பதை மேப் கோப்பு ஒன்றில் குறித்துக்கொள்கிறது. மூன்றாவது மணி நேரத்தில் டிஸ்க் தானாகத் துண்டித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் ஆறவிட்டு அதே கட்டளையைக் கொடுத்தேன். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. இந்த ஒன்றுக்காகவே கும்பிடலாம்.

கடைசியாக வெற்றிகரமாகப் படித்து எவ்வளவு நேரமாயிற்று என்று திரையில் ஒரு வரி வரும். முதலில் அது பூஜ்யத்திலேயே இருந்தது. பழுதான பகுதிக்குள் போனதும் 40 நொடி, 2 நிமிடம், 11 நிமிடம் என்று ஏறும். திடீரென்று மறுபடி பூஜ்யம். இரண்டரை நாள் அந்த வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவில் 99.97 சதவீதம் மீண்டது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் 1 டெராபைட்டில் மிச்சம் 300 மெகாபைட்.

குறை இல்லாமல் இல்லை. பட்டன் கிடையாது, எல்லாம் கட்டளைதான். டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்கு நேராக நகலெடுக்கும்போது மூலத்தையும் இலக்கையும் மாற்றிப் போட்டால், மிச்சமிருப்பதையும் நீங்களே அழித்துவிடுவீர்கள். பயந்துபோய் நான் இன்னொரு பெரிய டிஸ்க்கில் இமேஜ் கோப்பாகவே, அதாவது முழு டிஸ்க்கின் நகலையும் ஒரே கோப்பாக, எடுத்தேன். எந்தெந்தக் கோப்பு போனது என்றும் அதுவாகச் சொல்லாது. இமேஜுக்கு ஒரு நகல் எடுத்து, அதில் படிக்க முடியாமல் போன இடங்களை ஏதாவது ஒரு சொல்லால் நிரப்பச் சொல்லி, பிறகு அந்தச் சொல் எந்தக் கோப்புகளில் இருக்கிறது என்று தேட வேண்டும். சுற்றுவழிதான், ஆனால் வேலை செய்கிறது.

இமேஜைத் திறந்ததும் பெரும்பாலான ஃபோல்டர்கள் பெயரோடு வந்தன. இரண்டு மட்டும் காணோம். அவற்றுக்காக அதே இமேஜில் ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டினேன். இதுவும் இலவசம். ஃபோல்டர் கணக்கையே பார்க்காமல், ஜேபெக் படக் கோப்பு எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்துத் தோண்டுகிறது. அதனால் படம் கிடைக்கும், பெயர் கிடைக்காது. ஏற்கெனவே மீண்ட படங்களையும் சேர்த்து, பல்லாயிரம் படங்களை எண்களாகக் கொட்டிவிட்டது. கேமராவின் தேதி படத்துக்குள்ளேயே இருந்ததால் அதை வைத்து அடுக்கினேன். அதுவே ஒரு வாரம்.

மகள் முதல்முதலாகப் பள்ளிக்குப் போன அன்று வாசலில் எடுத்த படமும் வந்தது. நெற்றி, கண், மூக்கு வரை இருக்கிறது. அதற்குக் கீழே ஒரே சாம்பல் நிறம். அன்று அழுதாளா சிரித்தாளா என்று எனக்கும் என் மனைவிக்கும் இன்னும் வாக்குவாதம்.