கலோரிக் கணக்கைக் காட்டி மாவு விற்கிறார்கள்: டர்பனில் ஓடப் பழகுவோர் கவனத்திற்கு

சாட்ஸ்வர்த் பகுதியில் உள்ள ஓர் உடற்பயிற்சிக் கூடம், எடை குறைக்க வருபவர்களின் மணிக்கட்டில் தானே விற்கும் ஒரு பட்டையைக் கட்டிவிட்டு, அது காட்டும் கலோரி எண்ணைச் சாக்காக வைத்துப் புரத மாவு டப்பாக்களை விற்று வருகிறது. என் அண்ணி அங்கே ஏமாற்றப்பட்டார். அதே பேச்சை நம்பி இன்னும் பலர் டெபிட் ஆர்டரில் (வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் பணத்தைப் பிடித்துக்கொள்ளத் தரும் அனுமதியில்) கையெழுத்திட்டு வருவதால், நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

அண்ணியின் எடை 62 கிலோ. நார்த் பீச்சில் சனிக்கிழமைதோறும் கட்டணமின்றி நடக்கும் பார்க்ரன்னில் 5 கிலோமீட்டரை அவர் ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் மெதுவோட்டமாக முடிப்பார். ஒவ்வொரு முறையும் பட்டை 640 கலோரியை ஒட்டியே காட்டியது. "அக்கா, எரித்ததில் பாதியையாவது உடனே உடம்புக்குத் திருப்பித் தராவிட்டால் தசை கரைந்துவிடும்" என்று பயிற்சியாளர் அச்சுறுத்தி, 320 கலோரி வரும்படி மாவைப் பாலில் கரைத்துக் குடிக்கச் சொன்னார். மாதங்கள் கடந்தும் எடை குறையவில்லை. "இன்னும் கடுமையாக ஓடுங்கள்" என்பதே அவர்கள் தந்த பதில். அண்ணி தன் மன உறுதியின் மீதே சந்தேகம் கொள்ளத் தொடங்கியதுதான் எனக்கு மிகுந்த வேதனையைத் தந்தது.

உண்மையான கணக்கு கடினமானதன்று. சமதரையில் ஒரு கிலோமீட்டர் ஓடும்போது, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் ஆக்சிஜன் கூடுதலாகச் செலவாகிறது. ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்கு ஏறக்குறைய 5 கிலோகலோரி ஆற்றல் வெளிப்படுவதால் (பேச்சு வழக்கில் கலோரி என்று நாம் சொல்வது இதைத்தான்), எடையைத் தூரத்தால் பெருக்கினாலே போதுமான மதிப்பீடு கிடைத்துவிடும். 62 கிலோ, 5 கிலோமீட்டர் என்றால் 310 கலோரி. வேகமாக ஓடினால் நிமிடத்துக்கு ஆகும் செலவு கூடுகிறது, ஆனால் ஓடும் நேரம் குறைந்துவிடுகிறது; ஆகவே ஒரு கிலோமீட்டருக்கான செலவு பெரிதாக மாறுவதில்லை. மேடேறினால் கூடும், நடந்தால் பாதியளவுக்குக் குறையும். அப்படியானால் அண்ணி ஓடிச் செலவழித்தது 310, அவர்கள் குடிக்கவைத்தது 320. எடை எப்படிக் குறையும்?

பட்டையின் அமைப்புகளைத் திறந்து பார்த்தபோது, கூடத்தின் ஊழியரே பதிவுசெய்து கொடுத்த விவரங்களில் எடை 85 கிலோ என்றும் பாலினம் ஆண் என்றும் இருந்தன. சரியான விவரங்களை இட்ட பிறகும் எண் 430க்குக் கீழே இறங்கவில்லை. உட்கார்ந்திருந்தாலும் அந்த முக்கால் மணி நேரத்தில் உடல் செலவழிக்கும் 45 கலோரியையும் இத்தகைய கருவிகள் ஓட்டத்தின் கணக்கில் சேர்த்துவிடுவது உண்டு. அதோடு, இதயத் துடிப்பை வைத்துக் கணிக்கும் கருவிகளுக்கு, டர்பனின் கோடைப் புழுக்கத்தில் வெப்பத்தால் ஏறும் துடிப்புக்கும் உழைப்பால் ஏறும் துடிப்புக்கும் வேறுபாடு தெரியாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்து 2017இல் வெளியிட்ட முடிவு இன்னும் கடுமையானது: துடிப்பைப் பெரும்பாலான கருவிகள் நன்றாகவே அளந்தன, கலோரிச் செலவிலோ, இருப்பதில் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடும் மிக மோசமானது 93 விழுக்காடும் பிழைபட்டன. ஆகவே "மருத்துவமனைத் துல்லியம்" என்று எவரேனும் சொல்லி விற்றால் அதை நம்பாதீர்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது, திறந்த டப்பாவுக்குப் பணம் இல்லை, ஒப்பந்தம் ஓராண்டு முடியும்வரை மாதம் 850 ராண்ட் பிடிக்கப்படும் என்றார்கள். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்துவிட்டுத்தான் நாங்கள் மறுபடியும் சென்றோம். அதன் 41ஆம் பிரிவு, தவறான எண்ணத்தை உண்டாக்கும் கூற்றுகளைச் சொல்லி விற்பதைத் தடைசெய்கிறது. 14ஆம் பிரிவின்படி, இத்தகைய குறித்தகால ஒப்பந்தத்தை 20 வேலை நாள் முன்னறிவிப்பை எழுத்தில் கொடுத்து நாமே முடித்துக்கொள்ளலாம். நியாயமான ஒரு ரத்துக் கட்டணத்தை மட்டும் அவர்கள் கேட்கலாம். குறைபாடுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பித் தரும் உரிமை 56ஆம் பிரிவில் உள்ளது. இவற்றைக் கடிதமாக எழுதிக் கொடுத்தவுடன் பேச்சின் தொனி மாறியது. பட்டைக்கான பணம் வந்துவிட்டது. டெபிட் ஆர்டரும் நின்றது.

மாவுக்கான பணத்தைத் தர மட்டும் இன்னும் மறுப்பதால், நுகர்வோர் பொருள்கள் மற்றும் சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரிடம் முறையிட்டிருக்கிறோம். அங்கே புகார் செய்ய நுகர்வோருக்குக் கட்டணம் இல்லை. இதே முறையில் மாவு வாங்கவைக்கப்பட்டவர்கள் ரசீது, ஒப்பந்தத்தின் பிரதி, பயிற்சியாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றை அழித்துவிடாதீர்கள். எவரும் மாற்றுவதற்கு முன் பட்டையில் பதிவாகியுள்ள எடை, பாலினம், வயது ஆகியவற்றைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.