பிராந்திய வங்கி அனலிஸ்ட் வேலை: கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன வாரம் என் பல்கலைக்கழக ஜூனியர் ஒருவன் ஆஃபர் லெட்டர் ஒன்றை அனுப்பி, "அண்ணா, நல்ல ஆஃபர்தானே? திங்கட்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்" என்று கேட்டிருந்தான். திறந்து பார்த்தால் அதே வங்கி, அதே பதவிப் பெயர், நான்காம் பக்கத்தில் அதே ஷரத்து. 2021இல் எனக்கு வந்த கடிதத்தில் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றியதுபோல் இருந்தது. அவனுக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுகொண்டே போனதால் எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன். வங்கியின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் மத்திய மேற்கில், சில மாநிலங்களில் கிளைகள் வைத்திருக்கும் ஒரு வங்கி. அது போதும்.

2021 இலையுதிர் காலம். எம்.எஸ். ஃபைனான்ஸ் கடைசி வருடம். அந்தக் கோடையில்தான் வால் ஸ்ட்ரீட்டின் பெரிய வங்கிகள் முதலாண்டு அனலிஸ்டுகளின் அடிப்படைச் சம்பளத்தை 85,000 டாலரிலிருந்து 1 லட்சத்துக்கு ஒன்றன்பின் ஒன்றாக உயர்த்தியிருந்தன. வகுப்பில் எல்லோர் வாயிலும் அதே பேச்சு. எங்களுக்கு வால் ஸ்ட்ரீட் கிடைக்காது என்று தெரியும். அதற்கு அடுத்த படியாகப் பிராந்திய வங்கிகளைக் குறி வைத்திருந்தோம். கேரியர் ஃபேரில் இந்த வங்கியின் மேசையில் "கார்ப்பரேட் அண்ட் இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் அனலிஸ்ட்" என்று பெரிய எழுத்தில் வைத்திருந்தார்கள். அந்த "அண்ட்" என்ற சொல் இரண்டு வேறு வேலைகளை ஒட்டவைத்திருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும்.

நேர்காணலில் டி.சி.எஃப். (வருங்கால வரவை வைத்து ஒரு நிறுவனத்தின் இன்றைய மதிப்பைக் கணக்கிடும் முறை), மூன்று நிதி அறிக்கைகளின் தொடர்பு, ஒரு நிறுவனத்தை எப்படி மதிப்பிடுவாய் என்றெல்லாம் கேட்டார்கள். நன்றாகவே சொன்னேன். இரண்டு நாளில் ரெக்ரூட்டர் அழைத்தார். இனிமையான பேச்சு. பேஸ் 68,000, போனஸ் 15 சதவீதம், சைனிங் போனஸ் (சேரும்போது ஒருமுறை தருவது) 7,500, இடம் மாற 4,000. "ஆல்-இன் கிட்டத்தட்ட 90 ஆயிரம் வந்துவிடும், நீங்கள் போகும் ஊரில் அது நியூயார்க்கின் ஒரு லட்சத்துக்கு மேல்" என்றார். கணக்கு சரிதான். கூட்டினால் 89,700 வருகிறது. விசா பற்றிக் கேட்டேன். "சர்வதேச மாணவர்கள் எங்களிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள், அது ஒரு பிரச்சினையே இல்லை" என்றார். விண்ணப்பப் படிவத்திலேயே "இப்போதோ பின்னரோ ஸ்பான்சர்ஷிப் (வேலை விசாவுக்கு நிறுவனமே விண்ணப்பிப்பது) தேவைப்படுமா?" என்ற கேள்விக்கு ஆம் என்று போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டும் ஆஃபர் கொடுக்கிறார்கள் என்றால் ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம் என்று நினைத்துவிட்டேன். இந்த நினைப்புதான் பின்னால் என்னை எல்லாவற்றையும்விட அதிகம் படுத்தியது.

ஆஃபர் லெட்டர் வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு வந்தது. கெடு 72 மணி நேரம். நடுவில் சனி, ஞாயிறு. பல்கலைக்கழகக் கேரியர் ஆபீஸ் பூட்டியிருந்தது, சர்வதேச மாணவர் அலுவலகமும் பூட்டியிருந்தது. இது தற்செயல் என்றுதான் அப்போது எண்ணினேன். ஜூனியருக்கும் வெள்ளிக்கிழமைதான் வந்திருக்கிறது. ஞாயிறு இரவு கையெழுத்துப் போட்டேன்.

2022 ஜூலையில் சேர்ந்தேன். பத்து வாரப் பயிற்சி, நன்றாகவே இருந்தது. அதன்பின் என்னை அமர்த்திய இடத்தின் பெயர் போர்ட்ஃபோலியோ மேலாண்மை. பல் மருத்துவமனைகள், லாரி கம்பெனிகள், வாடகைக் குடியிருப்பு வைத்திருப்பவர்கள் என்று வங்கியில் கடன் வாங்கியவர்களின் வரி அறிக்கைகளை எடுத்து எண்களை மென்பொருளில் ஏற்றுவது, வருமானம் ஆண்டுத் தவணையைப்போல் 1.25 மடங்காவது இருக்கிறதா என்று பார்ப்பது, வருடாந்தர ஆய்வுக் குறிப்பு எழுதுவது. டி.சி.எஃப். ஒரு நாளும் தேவைப்படவில்லை. கடன்களை ஆராயும் இந்தக் கிரெடிட் வேலை மட்டமானது என்று நான் சொல்லவில்லை. உண்மையில் ஒரு தொழில் எப்படிப் பணம் பண்ணுகிறது, எங்கே முட்டிக்கொள்கிறது என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன். கிரெடிட் அனலிஸ்ட் என்று சொல்லியே கூப்பிட்டிருந்தால் அதற்குரிய சம்பளத்தை ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுத்திருப்பேன். மாம்பழத்தைக் காட்டிப் புளியைக் கொடுத்ததுபோல் ஆயிற்று.

இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் பிரிவு இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் அது வேறொரு துணை நிறுவனம், வேறு ஊர், ஆள் எடுப்பதும் வேறு கல்லூரிகளில். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. எனக்குச் சேர்ந்து மூன்று மாதம் கழித்து ஒரு தமிழ் அக்கா சொன்னார், அவர் அந்தத் துணை நிறுவனத்திலேயே இருந்தவர். "தம்பி, உன்கிட்ட யாராவது சீரீஸ் 79 பத்திப் பேசினாங்களா?" இல்லை என்றேன். "அப்ப நீ எங்க ஆளு இல்ல" என்று சிரித்தார். அமெரிக்காவில் நிறுவனங்களை வாங்கி விற்கும் ஆலோசனை, பங்கு வெளியீடு போன்ற வேலைகளைச் செய்பவர்கள், பங்குத் தரகு நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். அதற்கான தேர்வு சீரீஸ் 79. வேலை கொடுக்கும் நிறுவனம் முன்மொழிந்தால்தான் அதை எழுத முடியும். ஆகவே ஆஃபர் லெட்டரிலோ பேச்சிலோ அந்தத் தேர்வு வரவே இல்லை என்றால், பதவிப் பெயரில் என்ன எழுதியிருந்தாலும் அது பெரும்பாலும் கடன் பக்கத்து வேலைதான். ஒரே ஒரு கேள்வி. அதை நான் கேட்கவில்லை.

சம்பளத்துக்கு வருகிறேன். முதல் சம்பளச் சீட்டிலேயே ஒரு தவறு. எஃப்-1 என்ற மாணவர் விசாவில், படிப்பு முடிந்தபின் கிடைக்கும் ஓராண்டு வேலை அனுமதியான ஓ.பி.டி.யில் வேலை செய்கிறவர்களிடம், அமெரிக்கா வந்து ஐந்து காலண்டர் ஆண்டுகள் முடியாதவரை, சமூகப் பாதுகாப்பு வரியும் மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரியும் பிடிக்கக் கூடாது. 7.65 சதவீதம் அது. என்னிடம் பிடித்தார்கள். சுட்டிக்காட்டினால் "பார்க்கிறோம்". நான்கு மாதம் பார்த்தார்கள். அதற்குள் ஆண்டு முடிந்தது, அந்த வருடத்து வேலைக்கு மட்டும் 3,000 டாலருக்கு மேல் போயிருந்தது. பிறகு வரித் துறைக்கு 843ஆம் படிவம் அனுப்பிக் காத்திருந்துதான் வாங்கினேன். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அறியாமைதான் என்று நினைக்கிறேன். ஆனால் "நிறையப் பேர் இருக்கிறார்கள்" என்று ரெக்ரூட்டர் சொன்ன சர்வதேச மாணவர்கள் உண்மையிலேயே இருந்திருந்தால் சம்பளப் பிரிவுக்கு இது தெரிந்திருக்கும் இல்லையா? அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

போனஸ் கதை இன்னும் நன்றாக இருக்கும். ஃபோனில் "15 சதவீதம்". லெட்டரில் "வங்கியின் முழு விருப்புரிமைக்கு உட்பட்டு, 15 சதவீதம் வரை". "வரை" என்பது சுழியத்திலும் முடியலாம். போதாததற்கு, பணம் பட்டுவாடா ஆகும் நாளில் வேலையில் இருக்க வேண்டும், வருட நடுவில் சேர்ந்தவருக்கு விகிதப்படிதான். அரை வருடத்துக்கு 5,100 வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். 2023 மார்ச் 10ஆம் தேதி சிலிக்கான் வேலி வங்கி விழுந்தது, இரண்டு நாளில் சிக்னேச்சர் வங்கி. அடுத்த வாரம் மேலாளர் அறைக்கு அழைத்து 1,900 என்று எழுதிய தாளைக் கொடுத்தார். "பிராந்திய வங்கிகளுக்கெல்லாம் கஷ்ட காலம், புரிந்துகொள்வாய்" என்றார். அது 2022இல் செய்த வேலைக்கான போனஸ். 2022க்கு வங்கி காட்டிய லாபமும் நல்ல லாபம். தொகை பிப்ரவரியிலேயே முடிவாகிவிட்டது என்று பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார். பிப்ரவரியில் முடிவான தொகைக்கு மார்ச்சில் விழுந்த வங்கி எப்படிக் காரணமாகும் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. அந்த வாரத்தில் கேட்க வேண்டியது வேறொன்று இருந்தது.

எச்-1பி என்பது நிறுவனம் விண்ணப்பித்து வாங்கித்தரும் வேலை விசா, குலுக்கலில் பெயர் வந்தால்தான் கிடைக்கும். அந்த லாட்டரிக்கான பதிவு அந்த வருடம் மார்ச் 1ஆம் தேதி திறந்தது. பிப்ரவரி நடுவிலிருந்தே எச்.ஆருக்கு மெயில் போட்டுக்கொண்டிருந்தேன். மார்ச் 13 அன்று பதில் வந்தது: "இந்த வகைப் பதவிகளுக்கு வங்கி ஸ்பான்சர் செய்வதில்லை." பதிவுக் கட்டணம் அப்போது வெறும் 10 டாலர்தான். அதன்பின் வழக்கறிஞர், மனு என்று செலவு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லாட்டரியில் பெயர் வந்தால் அல்லவா அந்தச் செலவு? சரி, ஸ்டெம் நீட்டிப்பாவது (அறிவியல், கணிதம் சார்ந்தவை என்று வகைப்படுத்திய படிப்புகளுக்கு ஓ.பி.டி.யை நீட்டுவது) வாங்கிக்கொள்கிறேன், இரண்டு வருடம் ஓடும், அதற்கு ஐ-983 பயிற்சித் திட்டப் படிவத்தில் ஒரு கையெழுத்துப் போதும் என்றேன். அதற்குத் தேவையான ஈ-வெரிஃபையில் (ஊழியரின் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அரசுத் தளம்) வங்கி இருந்தது, தகுதியில் தடையே இல்லை. சட்டப் பிரிவிலிருந்து வந்த பதில்: கொள்கைப்படி முடியாது. ரெக்ரூட்டருக்கு எழுதினேன். அவர் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டிருந்தார். எங்கள் பழைய மெயில்களைத் தோண்டினால், விசா பற்றி அவர் எழுத்தில் சொன்னது ஒரே வரி: "உலகெங்கிலும் இருந்து வரும் திறமைசாலிகளை வரவேற்கிறோம்." பிரச்சினையே இல்லை என்றதெல்லாம் ஃபோனில்.

இதை முன்பே தெரிந்துகொண்டிருக்கலாம் என்பதுதான் வயிற்றெரிச்சல். எந்த நிறுவனம், எந்தப் பதவிக்கு, எந்த ஊரில், எவ்வளவு சம்பளத்தில் எச்-1பிக்கு முதற்கட்ட விண்ணப்பம் போட்டது என்ற பட்டியலை அமெரிக்கத் தொழிலாளர் துறையே காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடுகிறது. எல்.சி.ஏ. தரவு என்பார்கள், இலவசம். பிறகு உட்கார்ந்து தேடினேன். எங்கள் வங்கி போட்டிருந்தது எல்லாம் மென்பொருள், டேட்டா வேலைகளுக்கு. கிரெடிட் பக்கம் ஒன்றுகூட இல்லை. சம்பள விஷயத்திலும் அப்படியே. கொலராடோ மாநிலத்தில் 2021 முதல், நியூயார்க் நகரில் 2022 நவம்பர் முதல், வேலை விளம்பரத்தில் சம்பள வரம்பைப் போட்டே ஆக வேண்டும். நான் விண்ணப்பித்த ஊரின் விளம்பரத்தில் எண் இல்லை. ஆனால் அதே வங்கி அதே வேலைக்கு டென்வரில் போட்டிருந்த விளம்பரத்தில் மேல் வரம்பு 78,000 என்று இருந்தது. ஒரு வார்த்தை பேரம் பேசியிருக்கலாம்.

ஓ.பி.டி. ஜூலையில் முடிகிறது. ஏப்ரல், மே இரண்டு மாதமும் இரவில் விண்ணப்பம், பகலில் லாரி கம்பெனி வரி அறிக்கை. மே 1 அன்று ஃபர்ஸ்ட் ரிபப்ளிக் வங்கியும் விழுந்தபின் வங்கிகள் பக்கமே போகவில்லை. கடைசியில் ஒரு காப்பீட்டு நிறுவனம் எடுத்துக்கொண்டது. ஐ-983இல் இரண்டே நாளில் கையெழுத்துப் போட்டார்கள். ஜூனில் ராஜினாமா கொடுத்தேன். பத்து நாளில் வங்கியிலிருந்து கடிதம்: 24 மாதத்துக்குள் "சுய விருப்பத்தில்" விலகியதால் சைனிங் போனஸ் 7,500, இடமாற்றத் தொகை 4,000, ஆக 11,500 டாலரை 30 நாளில் திருப்பிக் கட்டவும்.

நான்காம் பக்க ஷரத்து இதுதான். எத்தனை மாதம் வேலை செய்தாலும் விகிதக் கழிவு கிடையாது. 23ஆம் மாதம் விலகினாலும் முழுத் தொகை. அதிலும் கையில் வந்த தொகையை அல்ல, வரி பிடிப்பதற்கு முந்தைய தொகையை. சைனிங் போனஸில் கூட்டாட்சி வருமான வரிக்கு மட்டுமே 22 சதவீதம் பிடிப்பார்கள். மற்றவையும் போக என் கணக்கில் விழுந்தது 5,000க்கும் சற்றுக் குறைவு. கட்டச் சொன்னது 7,500. அடுத்த வருடத்தில் திருப்பிக் கட்டினால் பிடித்த வருமான வரியை வங்கி சரிசெய்து தராது. 3,000 டாலருக்கு மேல் என்றால் நாம்தான் வரிக் கணக்கில் கேட்டு வாங்க வேண்டும். கையெழுத்துப் போடாமல் என்னைச் சட்டப்படி வேலை செய்ய முடியாதபடி வைத்தது அவர்கள். அவர்கள் ஏட்டில் நான் போனது சுய விருப்பம்.

எச்.ஆரின் மறுப்பு மெயில்களை எல்லாம் இணைத்து, இது சுய விருப்பம் ஆகாது என்று ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். பல்கலைக்கழகத்தின் இலவசச் சட்ட உதவியில் இருந்தவர் திருத்திக் கொடுத்தார். ஆறு வாரம் இழுத்து, 4,000ஐ விட்டார்கள். 7,500ஐ விடவில்லை. பத்துத் தவணையில் கட்டி முடித்தேன்.

ஜூனியருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். ஃபோனில் சொன்னதை எல்லாம் ஒரு மெயிலாகத் திருப்பி எழுது: "நீங்கள் சொன்னபடி போனஸ் 15 சதவீதம், ஸ்டெம் நீட்டிப்புக்கு ஐ-983இல் கையெழுத்து, எச்-1பி பதிவு முதல் மார்ச்சிலேயே, சரிதானே?" என்று. திருப்பிக் கட்டும் தொகையை மாத விகிதத்தில் குறைக்க முடியுமா, கைக்கு வந்த தொகையோடு நிறுத்த முடியுமா, விசா காரணமாக விலகினால் விலக்கு உண்டா என்று கேள். சீரீஸ் 79 எப்போது எழுத வேண்டும் என்று கேள். கெடுவை ஒரு வாரம் நீட்டச் சொல். கேட்டதற்காக யாரும் ஆஃபரைப் பிடுங்கி நான் பார்த்ததில்லை; அப்படிப் பிடுங்குகிற இடம் என்றால் இப்போதே தெரிந்துவிட்டது நல்லது.

சனிக்கிழமை காலை அனுப்பிவிட்டான். பதினைந்து நிமிடத்தில் பதில் வந்ததாம். ஒரே வரி: "எல்லாம் நல்ல கேள்விகள், ஃபோனில் பேசலாமா?"