டெல்டா நைட்ரஜன்-15ஆ, கிளைகோலிப்பிடா: சேலத்து ஆய்வகத்துக்கு எது தோது?

காற்றிலுள்ள நைட்ரஜனைக் கடல் நீலப்பச்சைப்பாசி பிடித்து நிலைப்படுத்தியதா என்று கண்டுபிடிக்கும் தடயங்களில் இரண்டைப் பார்ப்போம். ஒன்று, டெல்டா நைட்ரஜன்-15: மாதிரியில் கனமான நைட்ரஜன்-15 ஐசோடோப்பின் விகிதம் காற்றிலுள்ளதைவிட ஆயிரத்துக்கு எவ்வளவு கூட அல்லது குறைவு என்ற மதிப்பு. மற்றது, நைட்ரஜனைப் பிடிப்பதற்கென்றே சில பாசிகளில் உருவாகும் ஹெட்டிரோசிஸ்ட் செல்லின் உறையில் இருக்கும் கிளைகோலிப்பிடு, அதாவது சர்க்கரை சேர்ந்த கொழுப்பு. நைட்ரஜன் பிடிக்கும் வேகத்தை அளக்கும் அசிட்டிலீன் சோதனைக்கு உயிருள்ள பாசி வேண்டும், அதைக் கரையிலேயே முடித்தாக வேண்டும். அதனால் இங்கே சேர்க்கவில்லை. கடலை விட்டுத் தள்ளியிருக்கும் சேலத்துக்கு ஐசோடோப்புதான் என்பது என் கட்சி.

அடையாளத் துல்லியத்தில் கிளைகோலிப்பிடுக்கே முதலிடம். டயட்டம் என்ற ஒருசெல் பாசிக்குள் வாழும் ரிச்சிலியா என்ற நீலப்பச்சைப்பாசியின் கிளைகோலிப்பிடில் ஐந்து கார்பன் சர்க்கரை, நன்னீர் இனங்களில் பெரும்பாலும் ஆறு கார்பன். ஆனால் நைட்ரஜன் பிடிக்கும் இன்னொரு கடல் நீலப்பச்சைப்பாசியான டிரைக்கோடெஸ்மியத்துக்கு ஹெட்டிரோசிஸ்டே கிடையாது. மன்னார் வளைகுடாவில் அது திரளாகப் பூத்துக் கிடந்தாலும் இந்த முறையில் ஒன்றும் தெரியாது.

முடிவைத் தீர்மானிப்பது மாதிரியை ஊர் கொண்டுவந்து சேர்ப்பதுதான். கிளைகோலிப்பிடுக்கு, கடல்நீரை வடித்துப் பாசி தங்கிய வடிதாளை உடனே உறைய வைத்து, உருகவிடாமல் கொண்டுவர வேண்டும். மே மாதப் பேருந்தில் தெர்மாகோல் பெட்டிப் பனிக்கட்டியை நம்ப முடியாது. அதற்குப் பிறகும் உறைநிலை உலர்த்தல், கரைப்பான் பிரிப்பு, திரவ நிறப்பிரிகை நிறைமானி (மூலக்கூறுகளைப் பிரித்து நிறை பார்க்கும் கருவி) என்று வேலை நீளும்.

ஐசோடோப்புக்கு, 450 டிகிரியில் 4 மணி நேரம் சுட்ட கண்ணாடி இழை வடிதாள் போதும். வடித்த கையோடு 60 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தி, சுட்ட அலுமினியத் தாளில் மடித்து, சிலிக்கா ஜெல்லோடு மூடி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. ஐசோடோப்பு நிறைமானி உள்ள ஊருக்குக் கூரியரிலேயே அனுப்பலாம்.

சொதப்பும் இடங்கள் வேறு. காய்ச்சி வடித்த நீரில் அலசினால் செல் வெடித்து நைட்ரஜன் வெளியேறிவிடும். வடித்த கடல்நீரையே கொஞ்சமாக விடுங்கள். பவளத்தூள் சுண்ணாம்பைப் போக்க அமிலப்புகை காட்டிய தாள், அறையிலுள்ள அமோனியாவை இழுத்துக்கொள்ளும். நைட்ரஜனுக்குப் பாதித் தாளை அமிலம் காட்டாமல் ஒதுக்குங்கள். கோபிப்பாடு போன்ற விலங்கு மிதவைகள் மதிப்பைக் கூட்டும். அதற்காக 200 மைக்ரான் வலையில் சலித்தால் டிரைக்கோடெஸ்மியக் கொத்துகளும் வலையிலேயே தங்கிவிடும். இடுக்கியால் பொறுக்குவதுதான் வழி, அலுப்பான வேலைதான்.

கணக்கில்தான் ஐசோடோப்பு காலை வாரும். பாசி பிடித்த நைட்ரஜனுக்கு ஆயிரத்துக்கு −1, மற்றொரு மூலமான ஆழ்கடல் நைட்ரேட்டுக்கு 5 என்று வைத்தால், மாதிரி 2 காட்டும்போது பாசியின் பங்கு 50 சதவீதம். நைட்ரேட்டை 4 என்று மாற்றினாலே அது 40 ஆகிவிடும். அரபிக்கடலில் ஆக்சிஜன் குறைந்த அடுக்கில் நைட்ரேட் சிதைவதால் அதன் மதிப்பு 5-க்கு வெகு மேலே போகும். கரையோரச் சாக்கடையும் மதிப்பை ஏற்றி, பாசியின் பங்கை மறைத்துவிடும். அதனால் அதே இடத்து நைட்ரேட்டையும் அளக்காமல் சதவீதம் எழுதாதீர்கள்.

பழைய கடலடி வண்டல் என்றால் நான் கட்சி மாறுவேன். மட்கும்போது ஐசோடோப்பு விகிதம் நகரும். கிளைகோலிப்பிடோ அளவில் குறைந்தாலும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். பிரித்தெடுக்கக் கை பழக ஏற்காடு ஏரிப் பாசி போதும், நுண்ணோக்கியில் ஹெட்டிரோசிஸ்ட் தெரிகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு.