600 ரூபாய்க்கு மாம்பழம்: பங்கனப்பள்ளியா, இமாம் பசந்தா?

எங்கள் வீட்டில் மாதப் பழச் செலவுக்கு ஒதுக்குவது 600 ரூபாய். வாழைப்பழம், கொய்யா என்று ஓடும் மாதங்களில் அது தாராளம். சித்திரை பிறந்து தள்ளுவண்டிகளில் மாம்பழம் குவிந்ததும் கையைக் கடிக்க ஆரம்பிக்கும். போன மே மாதம் தெருமுனைக் கடையில் பங்கனப்பள்ளி கிலோ 80, இமாம் பசந்த் 200. அதே பணத்துக்கு ஏழரைக் கிலோவா, மூன்று கிலோவா?

பங்கனப்பள்ளியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆந்திராவிலிருந்து கோயம்பேட்டுக்கு லாரி லாரியாக வந்து இறங்குவதால் விலை அடங்கி நிற்கிறது. நார் கிடையாது, தோல் அடி தாங்கும், நாலு நாள் வெளியே கிடந்தாலும் கெடாது. பிள்ளைகள் விடுமுறையில் வீட்டில் இருக்கும்போது தினம் இரண்டு நறுக்கினால் எல்லார் தட்டுக்கும் வரும். தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளவும் இதுதான் சரி. வாங்கும்போது நிறத்தை நம்பாமல் காம்புப் பக்கம் மோந்து பாருங்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை, எத்திலீன் வாயுவுக்குத்தான் அனுமதி. பளபளவென்று மஞ்சளாக இருந்து வாசனையே வராத பழத்தை நான் எடுப்பதில்லை.

இமாம் பசந்த் விஷயம் வேறு. திருச்சி, ஸ்ரீரங்கம் பக்கத் தோப்புகளில் பேர்போன பழம். மரம் எல்லா வருடமும் ஒரே மாதிரி காய்க்காது. தோல் மெல்லிசு என்பதால் பயணமும் தாங்காது. விலை ஏறுவது இதனால்தான். பழுத்தாலும் பச்சை முழுசாகப் போகாது. காய் என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள், பாவம். நான் அரைப்பழமாக வாங்கி, வைக்கோல் கிடைத்தால் அதில், இல்லாவிட்டால் செய்தித்தாளில் படுக்க வைத்து தினமும் ஒரு முறை திருப்பி வைப்பேன். மூன்றாம் நாள் கதவைத் திறந்ததுமே கூடம் முழுக்க மணக்கும். கத்தி வைத்தால் தானாக இறங்கும், கதுப்பு வெண்ணெய் மாதிரி விலகும். இனிப்புக்குப் பின்னால் மெல்லிசாக ஒரு புளிப்பு வருமே, அது பங்கனப்பள்ளியில் கிடையாது. ஆனால் ஒரு இடத்தில் அடிபட்டால் மறுநாளே அழுகும். அதனால் அன்றன்றைக்குத் தின்று முடிக்கிற அளவுக்கு மேல் வாங்கக் கூடாது. மில்க்‌ஷேக்கில் போட்டு அடிப்பது இந்தப் பழத்துக்குச் செய்யும் அநியாயம்.

சேலத்து மல்கோவா இரண்டுக்கும் நடுவில். உருண்டை, சதை ஏராளம், கொட்டை சின்னது. கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அதை வாங்கலாம். ஆனி, ஆடியில் வரும் நீலம் மலிவு, வாசனையும் தூக்கும். கொட்டைக்குள் வண்டு இருக்கலாம், நறுக்கிப் பார்த்துக் கொடுங்கள்.

என் கணக்கு இதுதான்: மாதம் முழுக்கப் பிரித்து ஐந்து கிலோ பங்கனப்பள்ளி, 400. மீதி 200க்கு மே கடைசியில் ஒரு கிலோ இமாம் பசந்த். அந்த மாதம் ஆப்பிள் பக்கமே போக மாட்டேன். இமாம் பசந்த் ஒரு கிலோவுக்கு நிற்பது பெரும்பாலும் இரண்டே பழம். தினம் ஒரு துண்டு என்று இழுக்காமல், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து ஒரே மூச்சில் முடித்துவிடுவோம். கொட்டை இரண்டில் ஒன்று அம்மாவுக்கு, இன்னொன்று சின்னவளுக்கு.